ஸ்டெபனியின் பலே உடுப்பும் எங்கள் பண்பாட்டுக் காப்புச் சபையும்

தமிழ்ப் பண்பாடு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் கோயில்களும் இல்லை, பள்ளிக்கூடங்களும் இல்லை. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில், எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின்களுக்கு நடுவே சனிக்கிழமை காலைகளில் கூடும் 'மாதர் பண்பாட்டுக் காப்புச் சபை'தான் காரணம். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. அச்சபையின் செயலாளர் என்ற பொறுப்போடு சொல்கிறேன்.

மற்றவர்கள் அந்த அறைக்கு அழுக்குத் துணியோடு வந்து வெளுத்த துணியோடு திரும்புவார்கள். நாங்கள் துணியோடு சேர்த்து ஆட்களையும் வெளுத்து அனுப்புவோம். சம்பளம் கிடையாது.

என் தகுதியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் என் வீட்டுக் கதவில் ஒரு கண்துளை உண்டு. அதற்கு நேரெதிரே லிஃப்ற். யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. கண்ணில் படுகிறது. வசதியாகப் படட்டும் என்று உள்ளே ஒரு கதிரை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் எங்கள் கட்டடத்தில் யாருக்குக் கலியாணம் பேசினாலும் எதிர்ப்பகுதியார் முதலில் எனக்குத்தான் போன் எடுத்து 'விசாரிப்பார்கள்'. நான் எவரைப் பற்றியும் கெட்டதாக ஒரு சொல் சொன்னதில்லை. எல்லோரையும் "நல்ல சனம்" என்றுதான் சொல்வேன். எவ்வளவு நேரம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் மௌனத்தில் நின்றுபோன கலியாணங்கள் சில உண்டு.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, குளிர் விடுகிற நேரம். ஆறாம் மாடிக் கிளடிஸும் மகள் ஸ்டெபனியும் வெள்ளைத் துணியால் மூடிய எதையோ தூக்கிக்கொண்டு லிஃப்ற்றில் ஏறினார்கள். மூடிய துணிக்கு வெளியே ஒரு பொன் குஞ்சம் தொங்கியது. மூடி வைத்த பொருளில் பொன் குஞ்சம் தெரிந்தால் விசாரிக்காமல் விடுவது செயலாளருக்கு அழகில்லை. அந்தச் சனிக்கிழமையே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

கிளடிஸ் மன்னார்ப் பக்கம். சாந்தமான மனுஷி, கை நிறைய வேலை தெரிந்தவள். தானே தைத்த உடுப்பைக் கொண்டுவந்து மெஷின் மேல் விரித்தாள். ஊதா நிறத்தில் கணுக்கால்வரை புடைத்த பட்டுக் காற்சட்டை. மேலே குட்டைச் சட்டை. தோளிலிருந்து முழங்கைவரை பிளந்து, இடையிடையே பொன் நூலால் முடிந்த கை. கையோரமெல்லாம் குஞ்சம். 

"பிள்ளை, உது என்ன உடுப்பு?" என்று தலைவி திருமதி நவரட்ணம் விசாரணையைத் தொடக்கினார்.

"பலே டான்ஸ் கொஸ்ரியூம், அன்ரி." ஸ்டெபனிக்குப் பதினாலு வயது. பயப்படத் தெரியாத பிள்ளை. "எங்கடை ஷோ நைன்ரீன் ரென்னாம் ஆண்டைப் பற்றி. அப்ப பாரிசுக்கு ரஷ்யாவிலை இருந்து ஒரு பலே கொம்பனி வந்ததாம். அதுக்கு முதல் அங்கத்தை லேடீஸ் எல்லாம் கோர்செற் போட்டு மூச்சு விடேலாமல் இடுப்பை இறுக்கி வைச்சிருந்தவை. பலேக்காரர் இப்பிடி லூசாய்ப் போட்டு ஆட, அதைப் பாத்துப்போட்டு எல்லாரும் தையல்காரரிட்டை ஓடினவையாம். தலைப்பாகை, இறகு, இந்தக் காற்சட்டை, எல்லாம். லைக், ஸ்ரேஜிலை போட்டதை றோட்டிலை போட்டவை."

"புருசன்மார் பாத்துக்கொண்டிருந்தவையோ?" என்று தலைவி கேட்டார்.

"சிலர் கத்தினவையாம் அன்ரி. அவை கத்தி முடியிறதுக்குள்ளை பெண்டுகள் தைச்சுப்போட்டினம்."

"எங்களை மாதிரி ஒரு சபை அங்கை இருக்கேல்லைப் போல," என்று எங்கள் இளைய உறுப்பினர் துர்க்கா பெருமூச்சு விட்டாள். பாரிசுக்காக எல்லோரும் சற்று நேரம் வருந்தினோம்.

"எங்கடை ரீச்சர் சொன்னவா, உது ஈஸ்ரேண் ஸ்ரைலாம். உங்கடை பக்கத்து உடுப்பைப் பாத்துத்தான் பாரிசிலை தைச்சதெண்டு."

"எங்கடை பக்கமோ?" என்றார் தலைவி. " யாழ்ப்பாணத்திலை ஆரடி பிள்ளை உப்பிடிக் காற்சட்டையோடை திரிஞ்சது? மன்னாரிலையோ, கிளடிஸ்?"

"நான் காணேல்லை அக்கா."

"அப்ப எங்கடையும் இல்லை, வெள்ளைக்காரற்றையும் இல்லை. தேப்பன் பேர் தெரியாத உடுப்பு."

'எமது பக்கம் அல்லாத எமது பக்கத்து உடை' என்று அதற்கு நான் சபை சார்பில் பெயர் சூட்டினேன். அடுத்து முக்கியமான பிரச்சினைக்கு வந்தோம். சட்டை முடிகிற இடத்துக்கும் காற்சட்டை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. தலைவி தன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். அவர் கை ஊன்றிய இடத்தில் சேலைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஆனால் அது வேறு. சேலையில் தெரிகிற வயிறு பண்பாடு, காற்சட்டைக்கு மேலே தெரிகிற வயிறு சீரழிவு. இந்த நுட்பமெல்லாம் பாரிசுக்காரருக்கு விளங்காது.

"அக்கா, பிள்ளை ஒரு வரியமாய்ப் பழகினது," என்றாள் கிளடிஸ். "அவள்தான் முன்னுக்கு நிண்டு ஆடுறது. அந்த இடைவெளியை நான் துணி வைச்சு மூடிவிடுறன்."

அதையும் நாங்கள் திறந்த மனதோடு பரிசீலித்தோம். மூடினால், மூடின இடத்தில் என்ன இருக்கிறது என்று சனம் யோசிக்கும் என்பதால் நிராகரித்தோம். ஸ்டெபனி ஆடக் கூடாது. உடுப்பு 'மேலதிக ஆய்வுக்காக' செயலாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கிளடிஸ் உடுப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். எங்கள் தீர்மானத்துக்கு ஒரு பிள்ளை கட்டுப்பட வேண்டும் என்று கனடாவில் சட்டம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் தெய்வம் கலியாணப் பேச்சு என்பதைப் படைத்திருக்கிறது.

அன்று பின்னேரம் ஸ்டெபனியின் தகப்பன் சீமோன் என் கதவைத் தட்டினான். கையில் அதே உடுப்பு.

"மலரக்கா, தங்கச்சி மெற்றில்டாவுக்கு ஒரு இடம் பேசுறம். பொடியன் அகஸ்ரின். தாய் மோர்னிங்சைட்டிலை இருக்கிறா. உங்களுக்குப் போன் எடுப்பாவாம்."

"எடுக்கட்டும் தம்பி. நல்ல சனம் எண்டுதானே சொல்லப்போறன்."

"ஓம் அக்கா." அவன் நிலத்தைப் பார்த்தான். "கெதியாய்ச் சொல்லுவியளோ?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதானே என் தொழில்.

"பிள்ளை ஆடமாட்டாள்," என்று உடுப்பை என் கையில் தந்துவிட்டுப் போனான்.

அகஸ்ரினின் தாய் போன் எடுத்தபோது, அவர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே "நல்ல சனம்" என்றேன். இவ்வளவு கெதியாக நான் எவரைப் பற்றியும் சொன்னதில்லை. ஒரு குமரைக் கரைசேர்த்த புண்ணியமும், ஒரு பிள்ளையைக் காத்த புண்ணியமும் ஒரே உடுப்பில் கிடைத்தன.

பலே நாளன்று ஸ்டெபனி சாதாரண உடுப்போடு லிஃப்ற்றால் இறங்கி வந்தாள். கண்ணில் பட்டது. கதவைத் திறந்து, "என்ன பிள்ளை, போறியோ?" என்று அன்பாகக் கேட்டேன்.

"ஓம் அன்ரி. கேர்ட்டின் இழுக்கிறதுக்கு ஆள் வேணுமாம்."

"அதுவும் மேடைதானே," என்று ஆறுதல் சொன்னேன். அவள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இதற்கிடையில் 'மேலதிக ஆய்வு' தீவிரமாக நடந்தது. முதலில் தலைவி வந்தார். அந்தப் பிளந்த கையைத் தூக்கித் தன் கையோடு வைத்து, ஒழுக்கக்கேட்டின் ஆழத்தை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துர்க்கா அளவு நாடாவோடு வந்தாள். சீரழிவு எத்தனை அங்குலம் என்று திட்டவட்டமாகத் தெரியாமல் கண்டிப்பது முறையல்ல என்றாள். நானும் ஆய்வு செய்தேன், குளியலறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால். பொறுப்பான செயலாளர் எதையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடக் கூடாது. ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தைத்த கை. என் ஆய்வு முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இறங்கவும் மறுத்தது. சவர்க்காரம் போட்டுத்தான் ஆய்வை முடிக்க வேண்டியதாயிற்று.

மெற்றில்டாவின் கலியாணம் கோடைக்கு என்று நிச்சயமாகியது. எனக்கும் அழைப்பு வந்தது. நான் லிஃப்ற்றில் போகாமல் படியேறி, மூச்சு வாங்க ஆறாம் மாடிக்குப் போனேன். லிஃப்ற்றில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். இந்தக் காலத்துச் சனத்துக்கு மற்றவர்கள் விஷயத்தை அறியாவிட்டால் நித்திரை வராது.

"கிளடிஸ், எனக்கொரு சாறிச் சட்டை தைக்கவேணும்."

"எப்பிடிக் கை அக்கா?"

"நீர் ஒரு கை தைச்சனீர்தானே. குஞ்சம் வைச்சு. அதைப்போலை."

அவள் தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அது சீரழிவு எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"அது காற்சட்டையோடை. இது சேலையோடை."

கிளடிஸ் எழுந்து அளவெடுத்தாள்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றேன்.

"நான் ஆரைப் பற்றியும் ஆருக்கும் சொல்லுறேல்லை அக்கா."

கலியாண மண்டபத்துக்குள் நான் பச்சைப் பட்டும் பொன் குஞ்சமுமாக நுழைந்தேன். வாசலிலேயே தலைவி நின்றார். சிவப்புப் பட்டு, பிளந்த கை, பொன் குஞ்சம். அவருக்குப் பின்னால் துர்க்கா, நீலம், குஞ்சம். அப்பால் சபையின் மற்ற உறுப்பினர்கள், மஞ்சளும் மாம்பழ நிறமுமாக, எல்லோர் கையும் பிளந்து, எல்லோர் கையிலும் குஞ்சம். அத்தனை பேரும் ஆளுக்கொரு நாள் தனியே படியேறியிருக்கிறோம். ஒரு சபைக்குள் இப்படியொரு ஒற்றுமையை நான் அதுவரை கண்டதில்லை. ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லோரும் கூரையில் தொங்கிய அலங்கார விளக்கைப் பார்த்தோம்.

வீடியோக்காரப் பொடியன் கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். எங்களை வரிசையாக நிற்க வைத்தான். மேலும் கீழும் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அன்ரிமார், வடிவாய் இருக்கு. நீங்கள் எந்த டான்ஸ் குறூப்? சாப்பாட்டுக்கு முதல் ஆடுறியளோ, பிறகோ?"

நாங்கள் குஞ்சங்களைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தோம். பக்கத்தில் கேக் தட்டோடு நின்ற ஸ்டெபனிதான், மிகவும் மரியாதையாக, அவனுக்கு விளக்கம் சொன்னாள்.

"நோ அண்ணா, இவை டான்ஸ் குறூப் இல்லை. என்ரை டான்ஸை நிப்பாட்டின குறூப்."