எட்டாம் நம்பரும் பேசும் சங்கும்

சங்கை எடுத்துக் காதில் வைத்தால் இரைச்சல் கேட்கும். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைகள் அத்தனையும் இதைக் கேட்டிருக்கின்றன. கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டு விளையாடப் போய்விடும். ஆனால் சங்குச் சித்தரின் வலம்புரிச் சங்கு அப்படிப்பட்ட ஏழைச் சங்கு அல்ல. அது பேசும். நல்ல தமிழில், கொஞ்சம் எதிரொலியோடு பேசும். கூடைப்பந்து ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லும். சொன்னது நடக்காவிட்டால் யாரால் நடக்கவில்லை என்றும் சொல்லும்.

ஆட்ட நாட்களில் டிக்கெட் கவுன்டரை விடச் சித்தரின் பாய்க்கு முன்னால்தான் வரிசை நீளம். விசைப்படகு என்ஜின் மக்கர் செய்கிறவர், மகளுக்கு மாப்பிள்ளை அமையாதவர், மூன்றாம் முறையாக நீட் எழுதப்போகிற பையன் என்று எல்லாரும் நிற்பார்கள். ஒரு பக்கம் தேங்காய், ஒரு பக்கம் மெழுகுதிரி, நடுவில் சாம்பிராணி. சங்குக்கு மதம் கிடையாது. உண்டியல் மட்டும் உண்டு.

இந்தச் சங்கு வந்து உட்கார்ந்த இடம் ‘தூத்துக்குடி டக்ஸ்’ என்ற பெண்கள் கூடைப்பந்து கிளப். டக் என்றால் துறைமுகத்துக்குள் பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு வருகிற சின்னப் படகு. அந்தப் படகுகளில் வேலை பார்த்தவர்கள், கப்பல் வராத நேரத்தில் பொழுது போகாமல் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்து, குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு வளையம் மாட்டினார்கள். கிளப் அப்படித்தான் பிறந்தது. ஆண்கள் அணி கொஞ்ச காலத்தில் காணாமல் போனது. மகள்கள் அணி மாநிலத் தொழில்முறை லீக் வரைக்கும் போனது. மஞ்சளும் கறுப்பும் சட்டை. நெஞ்சில் பெரிய கப்பலை இழுக்கிற குட்டிப் படகு. ஜெயித்தால், பழைய டக் ஒன்றிலிருந்து கழற்றி அரங்கத்தில் மாட்டிய ஹாரன் அலறும். பீச் ரோடு வரைக்கும் கேட்கும்.

இந்த வருடம் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. கிளப்பின் முதலாளி மகாராஜன் அண்ணாச்சி, பருப்பு மொத்த வியாபாரி, காரணம் தேடினார். பயிற்சி போதவில்லை என்று கோச் சொன்னார். அது அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. சங்கு சொன்ன காரணம் பிடித்துவிட்டது. இழுக்கிற படகைச் சின்னமாக வைத்தால் எல்லாமே இழுத்துக்கொண்டு கிடக்கும் என்றது சங்கு. படகு போனது. மஞ்சள் ஆகாது என்றது. சட்டை பச்சையானது. தனக்கு ஹாரன் போட்டி என்றது. ஹாரனின் வாயில் துண்டைத் திணித்தார்கள். கடைசியில் பெயரும் ஆகாது என்றது. இனிமேல் ‘வலம்புரி வாரியர்ஸ்’. கேலரியில் பாதிப் பேர் டக்ஸ் என்று கத்த, பாதிப் பேர் வாரியர்ஸ் என்று கத்த, நடுவராக வந்த வெளியூர் அம்மாள் எத்தனை டீம் விளையாடுகிறது என்று கேட்டாராம்.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். சங்குதான் ஜெயிக்க வைத்தது என்று ஊர் பேசியது. எதிர் அணிப் பெண்கள் கையிலும் அதே சித்தர் கட்டிய அதே மந்திரக் கயிறு இருந்ததைக் கேப்டன் ஜெப்ஸி மட்டும் பார்த்தாள். கூடைப்பந்தில் டிரா கிடையாது. சமமாக நின்றால் யாராவது ஒருவர் தோற்கிற வரைக்கும் ஆட வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு கட்டியவருக்கு எந்த நாளும் வெற்றிதான். இதைக் கோச் தேவபிரசாதத்திடம் போய்ச் சொன்னாள்.

"ஏளா, மெதுவாப் பேசு, அண்ணாச்சி காதுல விழுந்துரும்" என்றார் கோச். நாசரேத்துக்காரர், இரண்டு எம்.ஏ. படித்தவர். அவர் சட்டைப் பையிலும் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய கயிறு ஒன்று இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், பாரமா என்ன என்று நினைத்திருந்தார்.

கேள்வி கேட்டவளைச் சங்கு சும்மா விடுமா? மறுநாளே எட்டாம் நம்பர் சனியின் நம்பர், இறுதி ஆட்டத்தில் அவள் இறங்கினால் கிளப்பே மூழ்கும் என்றது. எட்டாம் நம்பர் ஜெப்ஸியுடையது. அவளைக் கூப்பிட்டு நட்சத்திரம் என்ன என்று கேட்டார் சித்தர். சாத்தான்குளத்து மிஷன் ஸ்கூல் வாத்தியார் மகளுக்கு ஏது நட்சத்திரம்.

"எனக்கு நட்சத்திரம் கெடையாது சாமி. ஞானஸ்நானச் சீட்டுதான் இருக்கு."

"அதுல தேதி இருக்கும்லா, அது போதும்" என்றார் சித்தர். விரலை மடக்கி எண்ணினார். மூலம் என்றார். ஒரு மூட்டை வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

அன்று இரவு ஹாஸ்டலில் ஜெப்ஸி சாப்பிடவில்லை. டக் படகு அணிக்கு ஆட வேண்டும் என்று சாத்தான்குளத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து பழகிய பிள்ளை. ஒரு இறுதி ஆட்டத்துக்காக இத்தனை வருடம் ஓடியிருக்கிறாள். அறைத்தோழி பானுப்ரியாவிடம் அதைச் சொல்லலாம் என்றால் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஆறடி உயரம், அணியின் நடுத்தூண். தூங்கினால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். அவளை எழுப்புவதற்கென்றே ஜெப்ஸி தன் செல்லில் ஒரு அலாரம் வைத்திருந்தாள். காலையில் வருகிற குப்பை வண்டியின் மைக் அறிவிப்பை அப்படியே பதிந்து வைத்தது. அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் பானு கண் திறப்பாள்.

படுத்தபடி யோசித்தாள் ஜெப்ஸி. கோச் கயிறு வைத்திருந்தாலும் ஆட்டத்தைச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். பந்து வைத்திருப்பவளையே பார்க்காதே, பந்து இல்லாதவள் எங்கே நகர்கிறாள் என்று பார், ஏமாற்று அங்கேதான் நடக்கும் என்பார். சரி, சங்கு வைத்திருப்பவரை விடுவோம். சங்கு இல்லாதவன் யார்?

அவன் பெயர் செந்தில்முருகன், சித்தரின் சீடன். நம் அணி எந்த வளையத்தில் பந்து போடுகிறதோ அந்த வளையத்தின் பின்னால் சித்தர் உட்காருவார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும், சித்தரும் எதிர்ப்பக்கம் போவார். சீடனும் கூடவே போய்க் கேலரியில் மூன்றாவது வரிசையில் உட்காருவான். கையில் செல்லோடு, தலை குனிந்து. ஜபம் என்று ஊர் நினைத்தது. அரையிறுதியன்று அவன் டீ வாங்கப் போய் வரிசையில் மாட்டிக்கொண்டான். அதுவரைக்கும் சங்கு வாய் திறக்கவில்லை. மௌன விரதம் என்றார் சித்தர். சீடன் டீயோடு வந்து உட்கார்ந்ததும் விரதம் முடிந்தது. அதே இடைவேளையில் ஜெப்ஸி பாட்டுக் கேட்க ஹெட்போனைச் செல்லோடு இணைக்கப் பார்த்தபோது, ப்ளூடூத் பட்டியலில் அறியாத பெயர் ஒன்று வந்து போனது. கயத்தாறு சவுண்ட்ஸ். யாரோ என்று விட்டுவிட்டாள்.

இப்போது எழுந்து உட்கார்ந்தாள். பானுவை எழுப்பினாள். எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அரங்கத்தில் கிளப்புக்கு முறைப்படி பெயர்சூட்டு விழா. உட்கார இடமில்லை. வாசல் பக்கத்து வளையத்தின் கீழே மேடை, மேடையில் வெள்ளித்தட்டு, தட்டில் சங்கு. சித்தர் காவியும் முத்துமாலையுமாக வந்தார். குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள்கூட நேர்த்திக்கடன் முடிந்ததும் கலைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். இவர் கலைப்பதாகவே இல்லை.

அண்ணாச்சி கைகட்டி நின்று, நாளைக்கு எட்டாம் நம்பர் இறங்கலாமா என்று கேட்டார்.

"ஆகாது" என்றது சங்கு. கூட்டத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஜெப்ஸி எழுந்தாள். ரொம்பப் பணிவாகக் கும்பிட்டாள். "சரி சாமி, நான் பெஞ்சுலயே உக்காந்துக்கிடுதேன். ஒரே ஒரு ஆச. நாளைக்கு ரெண்டாவது பாதில நம்ம பிள்ளைக அந்தக் கடைசி ரிங்குலதான் பந்து போடணும். அங்கனயும் வந்து சங்கு ஒரு வார்த்த சொல்லணும்."

சித்தர் தயங்கினார். கூட்டம் தயங்கவில்லை. என்ன பக்தி, என்ன பணிவு என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணாச்சி அதற்குள் தட்டைத் தலையில் தூக்கிவிட்டார். சித்தர் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. இந்த வளையத்திலிருந்து அந்த வளையம் வரைக்கும் நல்ல தூரம்.

மூன்றாவது வரிசையில் சீடன் எழுந்தான். எதிரே பானுப்ரியா நின்றாள்.

"அண்ணே, ஒரு செல்ஃபி."

அவன் இடப்பக்கம் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனான். அங்கே இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு செல்லோடு. எதிரியின் வழியை உடம்பால் மறிப்பதற்குக் கூடைப்பந்தில் ஸ்கிரீன் என்று பெயர். கையால் பிடித்தால்தான் தப்பு. யாரும் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

அந்தக் கடைசியில் தட்டை இறக்கினார்கள். அண்ணாச்சி கேட்டார். சங்கு பேசவில்லை. மறுபடி கேட்டார். அப்போது சங்குக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இங்கிலீஷில், தெளிவாகச் சொன்னது: "ப்ளூடூத் டிஸ்கனெக்டட்."

சித்தரின் நெற்றியில் திருநீறு கரைந்து ஓடியது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். "கடல்மாதா பேசுறா. கப்பல்காரவுக பாஷையில பேசுறா" என்றார்.

ஒருவர் ஆமென் என்றார். இன்னொருவர் தேங்காய் உடைத்தார்.

தட்டின் பின்னாலேயே வந்திருந்த ஜெப்ஸி, தன் செல்லில் கயத்தாறு சவுண்ட்ஸ் என்ற பெயர்மேல் விரலை வைத்தாள். "கனெக்டட்" என்றது சங்கு. கடல்மாதா மனம் இரங்கிவிட்டாள் என்று நினைத்துக் கூட்டம் கைகூப்பியது. அடுத்த கணம் சங்கு முழங்கியது.

"அன்பார்ந்த பொதுமக்களே, உங்கள் வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்."

முன்வரிசையில் சீனித்தாய் என்கிற அம்மாள் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். "வாளிய வெளிய வைக்கலையே" என்றார். பக்கத்தில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் ஒரு வரிசை சிரித்தது.

"மனசுல இருக்க அழுக்கத்தான் சங்கு சொல்லுது" என்று சித்தர் பொருள் சொல்லிப் பார்த்தார். சங்கு விடாமல் தரம் பிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. சிரிப்புச் சத்தத்தில் பொருள் யார் காதிலும் விழவில்லை.

"அண்ணாச்சி, சங்கு வாய்க்குள்ள கைய விட்டுப் பாருங்க" என்றாள் ஜெப்ஸி.

அண்ணாச்சி சங்கையே பார்த்தார். படகை எடுத்தது, சட்டையை மாற்றியது, ஹாரன் வாயை அடைத்தது எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக வந்து போயின. இரண்டு விரலை உள்ளே விட்டார். பஞ்சு வந்தது. பஞ்சோடு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு ஸ்பீக்கர் வந்தது. நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையில் கிடந்தபடி அது பிளாஸ்டிக் பைகளைத் தவிர்க்கச் சொன்னது.

சித்தர் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே நின்ற ஒரு லாரி டிரைவர் அவரைக் கூர்ந்து பார்த்தார். "ஏலே, நீ கயத்தாறுல மைக்செட் கட வச்சிருந்தவம்லா? எங்க வீட்டுச் சடங்குக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினியே" என்றார். அதற்குமேல் சித்தர் காவியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை வர்ணிப்பானேன். விழாப் பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ் வாசலிலேயே நிறுத்தியது. உண்டியலைக் கூட்டமே காவல் காத்தது; தாங்கள் போட்டதாயிற்றே.

கோச் தேவபிரசாதம் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து, மூக்கைச் சிந்துவதுபோல நடித்து, கயிற்றோடு குப்பைக்கூடையில் போட்டார். ஜெப்ஸி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

அண்ணாச்சி அவள் பக்கம் வந்தார். "ஏளா, படகுச் சட்டை எங்கனயும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லார் பெட்டியிலயும் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப நாளைக்கு அதையே போடுங்க. நீ இறங்கு."

ஹாரனின் வாயிலிருந்து துண்டை உருவினார்கள். மறுநாள் மஞ்சளும் கறுப்புமாக, எட்டாம் நம்பரோடு, டக்ஸ் இறங்கியது.

தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளியில். பகுத்தறிவு வந்தால் பந்தும் தானாக வளையத்துக்குள் போகும் என்று நினைத்திருந்தீர்களானால் நீங்களும் ஒரு சங்கு வாங்கிக்கொள்ளலாம். கடைசி நிமிடத்தில் யாரும் மறிக்காமல் நின்று போடுகிற பந்தை ஜெப்ஸியே ஒன்று தவறவிட்டாள். ராத்திரி முழுக்க அழுதாள். அண்ணாச்சி மட்டும் இந்த முறை காரணம் தேடவில்லை. அடுத்த வருடத்துக்குக் கூடுதல் பயிற்சி எத்தனை நாள் வேண்டும் என்று கோச்சிடம் கேட்டாராம். ஹாரனையும் ஒருமுறை அலறவிட்டார், தோற்றதற்கே.

மறுநாள் காலையில் ஹாஸ்டல் வாசலில் நின்றாள் ஜெப்ஸி. எதிர்வீட்டுச் சீனித்தாய் இரண்டு வாளியோடு வந்தார். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன இருந்தாலும் சாமியப் பகச்சிருக்கக்கூடாது பிள்ள. அதான் ஒரு புள்ளில போயிருச்சு."

"மிசின நீங்களும்தான பாத்திய பெரியம்மா?"

"பாத்தேன். மிசினு மிசினுதான். ஆனா சங்கு சங்குலா?"

அதற்குள் தெருமுனையில் வண்டி திரும்பியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று மைக் கூவிக்கொண்டு வந்தது. சீனித்தாய் பச்சை வாளியைக் கொடுத்தார், நீல வாளியைக் கொடுத்தார், வெறும் கையோடு திரும்பினார்.

"பெரியம்மா" என்றாள் ஜெப்ஸி. "வாளில உள்ளத எல்லாம் ஒழுங்காப் பிரிச்சிக் குடுத்துட்டிய. தலைக்குள்ள ஒண்ணு கெடக்கே, அதையும் எடுத்துக் குடுத்துருங்க. மக்காத பக்கம் போடச் சொல்லுங்க, எத்தன நூறு வருசமானாலும் அது மக்காது."