என் மரண அறிவித்தல் பற்றி மருமகனுக்கு

தன்னாமுனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் சிவதர்ஷனுக்கு,

மாமா நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. நான் இங்கு உயிரோடு இருக்கிறேன். இதை வழமையான சுகச்செய்தி என்று தாண்டிப் போகாமல் இன்னொரு முறை நிதானமாக வாசிக்கவும். கொழும்பில் நீயும் சுகமாயிருக்கக் கண்ணகி அம்மன் துணை.

விஷயம், நம் மரண உதவிச் சங்கத்துக்கு நீ எழுதித் தந்த ஜாவா புரோகிராம். செயலாளராகிய நான் இறந்தவரின் பெயரைக் கொடுத்தால் அங்கத்தவர் எல்லாருடைய போனுக்கும் அறிவித்தல் போகும். ஜாவாவை நேரே ஓட்டிய காலத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. கொடுத்த பெயர் போனது, சனம் வந்தது, பிரேதம் மரியாதையாக எடுபட்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த நீ, "இனிக் கிரேடிலால ஓட்டுங்க மாமா, அதுதான் லேசு" என்று, புரோகிராமைக் கட்டி ஓட்டுகிற அந்தக் கிரேடிலுக்கு மாற்றிவிட்டுப் போனாய். போன செவ்வாய் காலை கதிர்காமத்தம்பி அண்ணன் மோசம் போனார் என்று அவர் மனைவி போனில் அழ, நான் "கிரேடில் ரன்" என்று அடித்து, மைனஸ் டி போட்டு, பெயர் சமன் கதிர்காமத்தம்பி என்று எழுத்துக்கூட்டிக் கொடுத்து என்டரைத் தட்டினேன். என் போனும் கிணுங்கியது, நானும் அங்கத்தவன்தானே. எடுத்துப் பார்த்தால், "எமது அங்கத்தவர் நல்லரத்தினம் இன்று காலமானார். ஆழ்ந்த அனுதாபங்களுடன், நல்லரத்தினம், செயலாளர்." பிழையாக அடித்துவிட்டேனாக்கும் என்று திரும்பவும் அடித்தேன். திரும்பவும் நான்தான் செத்தேன்.

சந்தையில் நின்ற உன் மாமி இரத்தினம்மா, வாங்கின மீனையும் போட்டுவிட்டு ஆட்டோவில் தலைவிரி கோலமாக வந்து இறங்கினாள். கேற்றடியில் என்னைக் கண்டதும் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. "உசிரோட இரிக்கிற மனிசன் போனை எடுக்கப்படாதா?" எப்படி எடுப்பது? ஊரே அந்த நம்பருக்கு அடித்து என் வீட்டாருக்கு அனுதாபம் சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் செத்தவீட்டுக்குச் சனம் இருக்கச் சங்கத்துக் கதிரைகள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்துவிட்டன. ஏறாவூர் நளீர், என் பழைய கூட்டாளி, துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்து வேலிக்கு வெளியே நின்று, "நல்ல மனிசன். வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு மேலால் எட்டி, "எவ்வளவு நீளம்?" என்றேன். சைக்கிளோடு சரிந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை சனமும் இங்கே நின்றால் அண்ணன் வீட்டில் யார்? சைக்கிளை எடுத்தேன். முன்னால் செத்தவன், பின்னால் கதிரை வண்டி, அதற்குப் பின்னால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாத சனம். அங்கே அண்ணன் மனைவி பிரேதத்துக்குப் பக்கத்தில் தனியே இருக்கிறார். "தம்பி, நீங்களும் போயிட்டீங்க எண்டாங்க. இனி ஆருக்கிட்டச் சொல்லுற எண்டு தெரியாம இருந்தன்" என்று என் கையைப் பிடித்து அழுதார். மருமகன், அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தல் போட்டு முடியும்வரை நானே நின்றேன்.

பின்னேரம் வந்தாறுமூலைக் கெம்பஸால் வந்த நம் கம்சாயினி லப்டொப்பைத் திறந்து பார்த்தாள். "அப்பா, நீங்க குடுத்த பேரு கிரேடிலுக்குத்தான் போயிரிக்கு. அது நம்மட புரோகிராமை வேற ஒரு ஜாவாவில ஓட்டுது. தனக்கு வந்த பேரை அதுக்கிட்டக் குடு எண்டு எழுதி வெக்காட்டிக் குடுக்காது."

"அப்ப என்ட பேரு எங்கால வந்த?"

"பேரு வரல்லாட்டிப் போடுறதுக்கு மச்சான் ஒரு மாதிரிப் பேரு எழுதி வெச்சிரிக்கிறார்."

மாதிரிக்கு உனக்கு வேறு பெயரே கிடைக்கல்லையாடா? வாவியில் எத்தனை மீன் இருக்கிறது! ஒரு கொடுவாவின் பெயரைப் போட்டிருந்தால் சனம் சந்தோஷமாகச் சட்டியோடு வந்திருக்குமே! கம்சாயினி தானே திருத்துவேன் என்கிறாள். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும் என்று நான் விடவில்லை. ஆகவே கிரேடில் கோப்பில் "ரன்" என்ற பகுதியில், மைனஸ் டி போட்டு வந்த பெயரை, அதாவது அந்தச் சிஸ்டம் புரொப்பட்டியை, ஜாவாவுக்கும் கொடு என்கிற அந்த ஒரு வரியைச் சேர்த்து உடனே அனுப்பவும். மாதிரிப் பெயரை அடியோடு எடுத்துவிடு. பெயர் வராவிட்டால் புரோகிராம் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும்.

உனக்கு நீண்ட ஆயுளும் எனக்கு மிச்ச ஆயுளும் அம்மன் அருளட்டும். மாமி கோபத்தோடும், கம்சாயினி சிரிப்போடும் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
காலமாகாத மாமா,
நல்லரத்தினம்.

பி.கு.: இப்போதுதான் சங்கத் தலைவர் வந்து போனார். அன்று அறிவித்தல் கிடைத்த கையோடு நிர்வாகசபை கூடி, எனக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, வெற்றிடமான செயலாளர் பதவிக்குத் தன் மச்சானை நியமித்துவிட்டாராம். இறந்தவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் ஒன்றும் இல்லையாம். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். அந்த வரியைச் சேர்க்காதே. மாதிரிப் பெயரை மட்டும் மாற்றிவிடு. தலைவரின் மச்சான் பெயர் விமலநாதன்.