இரண்டு ஃபிரேமில் ஒரு கிரீடம்

எண்பதுகளில் குரோம்பேட்டையில் எந்தச் சுவரில் எந்தப் படம் தொங்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர்கள் முடிவு செய்ததே இல்லை. ரயில்வே கேட் அருகே கடை வைத்திருந்த ஃபிரேம்காரர்தான் முடிவு செய்தார்.

கடையில் இருந்ததெல்லாம் சரித்திரப் படங்கள். ஆளுக்கேற்ற படத்தை மருந்து போலக் கொடுப்பார். கடற்கரைப் படம் கேட்டுப் போன பக்கத்து வீட்டு வங்கி அதிகாரிக்கு, ஆராய்ச்சி மணியைப் பசு இழுக்கும் படத்தைக் கட்டிக் கொடுத்தார்.

"நான் கடல் கேட்டேன்பா."

"உன் வூட்டு பெல் அடிச்சா பத்து நிமிசம் கழிச்சுத் தொறக்கிறியாமே சார்? இந்த ராஜாவைப் பாரு. மாடு அடிச்சதுக்கே செருப்பு போடாம ஓடியாந்துகினு கீறாரு."

அதிகாரி உற்றுப் பார்த்தார். ராஜாவின் காலில் உண்மையிலேயே செருப்பு இல்லை. கடலை மறந்து வீடு திரும்பினார்.

எங்கள் வீட்டில் மாடியில் அண்ணன், கீழே நான். தண்ணீர் மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற சண்டையில் ஏழு மாதம் பேச்சில்லை. அந்தச் சமயத்தில், காலமான அப்பா கூடத்தில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடி உடைந்தது. ஓர் இளவரசன் கிரீடத்தை நீட்ட, அவன் அண்ணன் வேண்டாமென்று கையால் தடுக்கும் படம். நான் அதை ஃபிரேம் கடையில் கண்ணாடி போடக் கொடுத்தேன். மறுநாளே என் அண்ணன் அங்கே போய், "அது எனக்குச் சேர வேண்டியது" என்றிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். ஃபிரேம்காரர் படத்தை நடுவில் வெட்டி, இரண்டு ஃபிரேம் போட்டு வைத்திருந்தார்.

"அப்பா மாட்டின படம்! வெட்ட எப்படி மனசு வந்தது?"

"நாட்டையே வேணான்னு தள்றானுங்க ரெண்டு பேரு. அந்தப் படத்துக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க. இத்தினி வருசமா சுவத்துல இன்னாத்தப் பாத்துகினு இருந்தீங்க சார்?"

என் பங்குக்கு வந்த இளவரசன் ஃபிரேம் கட்டைக்குக் கிரீடத்தை நீட்டிக்கொண்டிருந்தான். வந்தவர்களெல்லாம், "யாருக்குக் குடுக்கறான்?" என்று கேட்டு, மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "அவரு வேணாங்கறாரு" என்று எனக்குத் தகவல் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தன் பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"நீயே வெச்சுக்கோடா. பாக்க வர்றவங்களுக்குக் காபி போட்டே உங்க அண்ணிக்குக் கை போச்சு."

"வேணாம்ணா. என்னோடதையும் நீயே மாட்டிக்கோ."

ஆளுக்கொரு பாதியை நீட்டியபடி நின்றோம். பின்னாலேயே வந்த அண்ணிதான் முதலில் சிரித்தார்.

ஒட்டித் தரச் சொல்லி இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். ஃபிரேம்காரர் மறுத்துவிட்டார்.

"ஒட்டிட்டா ஒருத்தர் வூட்டுக்கு ஒருத்தர் போவ மாட்டீங்க. எட்த்துகினு கெளம்புங்க."

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஊருக்கெல்லாம் ஃபிரேம் போட்டவரின் புகைப்படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. எப்படி இருப்பார் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று அவரைப் போலப் பேசிக் காட்டுகிறோம்.