பதினாலாம் இலக்க வீட்டு விருந்தாளிகள்

கற்பிட்டி லாந்தர் ஒழுங்கை பதினாலாம் இலக்க வீட்டில் இருக்கும் சித்தி லெய்லாவுக்கு, மகளின் கல்யாணத்துக்கு முதல் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டியிருந்தது.

நம்மட பக்கத்து வழக்கம் தெரியும்தானே. வீடு பொம்புளைப் புள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார், வந்தவர் அப்படியே இருந்துகொள்வார். லெய்லாவின் ஒரே மகள் பஹ்மாவுக்குத் தில்லையடியில் றிஸ்மின் என்ற மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. நுரைச்சோலை மின்நிலையத்தில் வேலை, வாய் பேசாத பிள்ளை. வாய்க்கும் சேர்த்துப் பேச அவனுடைய உம்மா இருந்தாள்.

"வேற ஒண்டும் கேக்கல்ல. என்ட மவனுக்கு அறையோட அட்டாச் பாத்ரூம் வேணும். அது இல்லாட்டி இந்தக் கதை வேணாம்."

அந்த உம்மா ஏழு பிள்ளைகளையும் பின்வளவுக்கு வாளியோடு அனுப்பி வளர்த்தவள். அது அந்தக் காலம். இப்போது குடும்பத்து மானம் முழுக்க அட்டாச்சுக்குள்ளேதான் இருக்கிறது.

கட்டுவதற்கு லெய்லாவிடம் இடமும் இருந்தது, மேசனும் இருந்தான். வரலாறுதான் குறுக்கே நின்றது. லாந்தர் ஒழுங்கை ஒல்லாந்தர் காலத்தது. இருபத்துமூன்று வீடு, சுவரோடு சுவர். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மூன்றாம் வீட்டில் சோறு இறங்கும். ஒருத்தர் தும்மி அல்ஹம்துலில்லாஹ் சொன்னால் எதிர்வீட்டிலிருந்து பதில் துஆ வரும். இப்படி நெருங்கிக் கிடந்த சனத்தை யாரும் கவனிக்காமல் இருந்த காலம் நல்ல காலம். திடீரென்று ஒருநாள் அந்த இடத்தை மரபு வலயம் என்றார்கள். ஒழுங்கைத் தலைப்பில் இருந்த பழைய ஒல்லாந்தக் கட்டடத்தில் 'மரபுச் சூழல் பேணல் அலகு' என்று ஒரு கந்தோரும் திறந்தார்கள்.

கந்தோருக்குப் பொறுப்பு கீர்த்திகன் சேர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படித்தவர், மரியாதையானவர். லெய்லாவும் புருசன் மக்பூலும் விண்ணப்பத்தோடு போய் நின்றபோது எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார்.

"அம்மா, உங்கட வீட்டில ஆதியில ஆர் இருந்தது?"

"என்ட உம்மா, அவட உம்மா, எல்லாரும் அந்த வீட்டிலதான்."

"அவை எங்க போனவை?"

"மய்யித்தா மண்ணுக்குப் போனாங்க, சேர்."

"அதில்லை அம்மா. காலையில, வாளியோட."

"ஓ, அதுவா. பின்வளவுக்கு."

"பாத்தியளோ, அப்ப மரபு பின்வளவில இருக்கு. அதை அறைக்குள்ள கொண்டு வந்தால் வரலாற்றுக்குச் செய்யிற துரோகம்."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'மேற்படி இலக்க வீட்டின் வரலாற்று அசௌகரியமானது அதன் அசல் நிலையிலேயே பேணப்படல் வேண்டும் என்பதை இத்தால் தயவுடன் அறியத்தருகின்றேன்.' கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவர் கீர்த்திகன் சேர்தான். கொடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. உங்கட பாத்ரூமை ஒருக்காப் பாவிக்கலாமோ?"

கந்தோரும் மரபுக் கட்டடம் அல்லவா? அங்கே கக்கூஸ் கட்டக் கூடாதென்று முதலில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். மக்பூல் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, பின்வளவுக் கக்கூஸைக் காட்டினார்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த நேரத்தில்தான் சிலாபத்திலிருந்து வீட்டுத் தரகர் றொபி வந்து சேர்ந்தார். கொழும்புக்காரர்களுக்குப் பழைய வீட்டில் கிறுக்குப் பிடித்திருந்த காலம் அது. றொபி சுவரைத் தடவிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"அக்கா, இந்தச் சுவரில ஈரம் ஊறுதோ?"

"ஓம் தம்பி. அடுத்த மாசம் பூசணும்."

"ஐயோ, தொடாதீங்க! இப்ப விலையே ஈரத்துக்குத்தான்."

இதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பளீலா, போன பெருநாளைக்கு அடித்த சுண்ணாம்பை அன்றே சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

றொபி விரலை மடித்தார். "வாங்கிறவர் எட்டு அறை போடுவார். எட்டுக்கும் அட்டாச். பின்வளவில நீச்சல் தடாகம்."

லெய்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எட்டுக் கக்கூஸா? என்ட ஒண்டுக்கே வரலாறு உடையுதாமே!"

"அது குடியிருக்கிற ஆக்களுக்கு, அக்கா. ஹோட்டல் எண்டா வேற சட்டம். அதுக்குப் பேர் மரபுசார் விருந்தோம்பல் அபிவிருத்தி."

"அப்ப வீட்டுக்காரன் போனா வரலாறு நாறும், விருந்தாளி போனா மணக்குமா?"

"சட்டம் அப்படித்தான், அக்கா."

லெய்லா வீட்டை விற்கவில்லை. ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் இருந்து யோசித்தாள். முப்பது வருசத்துக்கு முன் பெட்டியோடு வந்த மக்பூல் அன்றையிலிருந்து இன்றுவரை ஒரு கோப்பையை எடுத்துக் கழுவியதில்லை. 'மாப்பிள்ளை எண்டாலே விருந்தாளிதானே. இருக்கிறதத்தானே எழுதிக் குடுக்கப் போறன்' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

'லாந்தர் இல்லம், மரபு விருந்தகம்' என்று புது விண்ணப்பம் போனதும் கீர்த்திகன் சேரின் முகம் மலர்ந்தது.

"இதை முதலே கேட்டிருக்கலாமே, அம்மா! எட்டு அட்டாச்சுக்கும் அனுமதி தரலாம்."

"மூணு போதும், சேர்."

"ஒரேயொரு நிபந்தனை. விருந்தகத்தில நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"அப்ப நாங்க எங்க போற?"

"எங்கயும் போகத் தேவையில்லை. விருந்தாளியா இருங்கோ."

கீர்த்திகன் சேர் ஒரு தடித்த இடாப்பைக் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்தார். பெயர், வந்த நோக்கம், புறப்படும் திகதி என்று மூன்று பத்தி. வந்த நோக்கத்தில் லெய்லா 'பொறந்தன்' என்று எழுதினாள். மக்பூல் பேனையைப் பிடித்துக்கொண்டு புறப்படும் திகதியில் நின்றுவிட்டார்.

"அது படைச்ச ரப்புக்குத்தான் தெரியும், சேர்."

"அப்படி எழுதினால் கந்தோர்க் கோவையில போட ஏலாது, ஐயா. ஒரு வருசத்துக்குள்ள ஒரு திகதி போடுங்கோ. சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

லெய்லா, மக்பூல், பஹ்மா மூன்று பேரும் அடுத்த வருசத்து அதே நாளைப் போட்டார்கள். பின்வளவுக் கக்கூஸ் இடிபட்டது. நீச்சல் தடாகத்துக்கு அங்கே ஒரு குழியும் வெட்டச் சொன்னார் சேர், வரைபடத்தில் இருந்ததாம். அட்டாச் மூன்றும் நீலத் தரையோட்டோடு எழும்பின. கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மா குழாயைத் திருகிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். றிஸ்மின் வந்த நோக்கத்தில் 'நிக்காஹ்' என்று எழுதி, புறப்படும் திகதிக்கு அவனும் ஒரு வருசத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

முன்னறைக்கும் ஒரு விருந்தாளி கிடைத்தார். கீர்த்திகன் சேரேதான். கந்தோரிலிருந்து நாளுக்கு நாலு தரம் ஓடி வருவதை விட இங்கேயே இருப்பது நல்லதென்று பெட்டியோடு வந்துவிட்டார்.

ஒழுங்கைச் சனம் சும்மா இருக்குமா? வருசம் திரும்ப முதல் இருபத்துமூன்று வீடும் விருந்தகமாயின. மும்மொழியில் பலகை தொங்கியது. 'விருந்தாளிகள் சமையலறைக்குள் வரக் கூடாது' என்ற அறிவித்தலைக் காட்டிப் பளீலா மூன்று நாள் சமைக்கவில்லை. அவள் புருசன் அறிவித்தலைக் கழற்றப் போனான். மரபுப் பலகை, கழற்ற அனுமதி எடுக்க வேணும் என்றார்கள்.

அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து 'உயிர்வாழும் மரபு வீதி' என்ற விருது அறிவித்தார்கள். லாந்தர் ஒழுங்கைக்கே என்று முடிவாகியும் விட்டது. ஆனால் பரம்பரையாக அங்கே வாழும் ஒரு ஆளையாவது மாலை போட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். கீர்த்திகன் சேர் வீடு வீடாய் ஓடினார்.

"பளீலா அக்கா, நீங்கள் இங்க பிறந்து வளர்ந்தனீங்கள்தானே?"

"அல்லாவே, நாங்க வந்து போற ஆக்கள், சேர். இடாப்பப் பாருங்க."

எல்லா வாசலிலும் இதே பதில். வியர்த்து விறுவிறுத்து லெய்லாவிடம் வந்தார்.

"ஒரே ஒரு ஆள், அம்மா. ஒரு படத்துக்கு."

"நான் ஓம் எண்டா அட்டாச் போயிரும், சேர். அட்டாச் போனா மருமவன் தில்லையடிக்குப் போயிருவான். என்ட புள்ளட வாழ்க்கை."

"அப்ப நான் ஆரைக் காட்டுறது?"

லெய்லா வெத்திலையை மடித்து வாயில் வைத்தாள். "ஒங்களுக்குக் கடிதம் எங்க வருது?"

"இங்கதான்."

"வோட்டு?"

"அதுவும் பதினாலாம் இலக்கத்துக்குத்தான் மாத்தினனான்…"

மற்ற நாள் காலையில் கீர்த்திகன் சேர் புதுச் சாரம் உடுத்து, சந்தன மாலையோடு, ஈரம் ஊறின சுவருக்கு முன்னால் நின்றார். பத்திரிகையில் படம் வந்தது: 'பரம்பரைக் குடியிருப்பாளர்.' ஒழுங்கையே கை தட்டியது.

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து கடிதமும் வந்தது. பதினாலாம் இலக்க வீட்டில் நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டுள்ளமையால், அன்னாரின் வரலாற்று அசௌகரியம் உடன் அமுலுக்கு வரும்வகையில் பேணப்படல் வேண்டும். ஏனைய விருந்தினருக்கு இது ஏற்புடையதன்று. கடிதத்தை வாங்கியவரும் நிறைவேற்றியவரும் அவரேதான். தன் அறைப் பாத்ரூமைத் தானே பூட்டி, முத்திரை வைத்து, பூட்டுத் திறப்பை விருந்தக நிர்வாகியான லெய்லாவிடம் ஒப்படைத்தார்.

விடிந்ததும் வாளியோடு வந்து நின்றார்.

"அம்மா, ஒருக்கா…"

"அது விருந்தாளிமாருக்கு, சேர். நீங்க வீட்டுக்காரர்."

"அப்ப பின்வளவுக்கு…"

"அங்க நீங்க வெட்டச் சொன்ன குழிதான் இரிக்கி."

பளீலா ஜன்னலில் சிரித்தாள். அடுத்த ஜன்னலும், அதற்கடுத்ததும் சிரித்தன. லெய்லாவுக்கு ஒரு வருசத்துக் கடுப்பும் இறங்கியது. "வரலாறு, சேர். பேணணும்."

கீர்த்திகன் சேர் வாளியைக் கீழே வைத்தார். வாசல் மேசைக்கு நடந்து இடாப்பை விரித்தார். விரல் பத்தி வழியே மெல்ல இறங்கி நின்றது.

"அம்மா, நீங்கள் புறப்படும் திகதி நேற்று."

லெய்லா வெத்திலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"மக்பூல் ஐயாவும் நேற்று. பஹ்மாவும் நேற்று. மருமகனுக்கு மட்டும் இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்துப்பட்டன. உள்ளே அவரவர் இடாப்பைத் தேடி ஓடும் சத்தம் கேட்டது. அட்டாச்சுக்குள் றிஸ்மின் தண்ணீர் ஊற்றும் சத்தமும் நிம்மதியாகக் கேட்டது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு லெய்லா மடியிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். சேர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

திறப்பு அந்தப் பக்கம் போனது. பேனை இந்தப் பக்கம் வந்தது. சித்தி லெய்லா புது வரியில் தன் பெயரை எழுதி, வந்த நோக்கத்தில் மறுபடியும் 'பொறந்தன்' என்று போட்டு, இன்னும் ஒரு வருசத்துக்குத் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.