பதினாறு கட்டத்தில் ஓர் உப்பு அம்பாரம்

மரக்காணம்,
14 மார்ச் 2006.

அன்பு மகன் அந்தோணிராஜுக்கு,

உன் தாய் சகாயமேரி ராஜாங்கம் தன் கைப்பட எழுதுவது. இங்கே நான், வீடு, கிணறு, உப்பளம் நான்கும் நலம். பிரான்ஸ் தேசத்து லியோன் குளிரில் நீயும் மருமகள் சந்தியாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மரியாதைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவு. இனி விஷயம்.

சின்னம் வைத்தாயிற்று.

எந்தச் சின்னம் என்று நீ தலையைச் சொறியக் கூடாது என்பதற்காக உன் பேச்சையே உனக்கு நினைவுபடுத்துகிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போன் செய்து, நம் உப்பளத்துக்கு நீ ஒரு வெப்சைட் செய்திருப்பதாகவும், மேலே முகவரி தெரிகிற நீளப் பெட்டியின் முனையில் நமக்கென்று ஒரு சின்னப் படம், ஐகான், வைப்பது மட்டும் பாக்கி என்றும் சொன்னாய். அதை நானே வைக்கிறேன் என்றேன். நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "அம்மா, நீ மட்டும் யார் தயவும் இல்லாம அந்தப் படத்தை வெச்சுட்டேன்னா, உப்பளத்தை வித்துட்டு இங்க வந்துடுன்னு இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாய். சுனாமியில் கடல் உள்ளே வந்து போன நாளிலிருந்து வாராவாரம் நீ கேட்பது அது ஒன்றைத்தான். விடுதி கட்டப்போகிற சென்னைக்காரர் இரண்டு முறை வந்து வரப்பில் நின்று காற்று வாங்கிவிட்டுப் போய்விட்டார். நிலத்தில் உன் பெயரும் இருப்பதால் மே மாதம் வந்து கையெழுத்துப் போடுவதாக அவருக்கு நீ வாக்குக் கொடுத்திருப்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் நீ சொன்னதைக் கேக் வந்த அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டேன். அட்டை பீரோவில் இருக்கிறது.

மரக்காணத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டரில் லைன் வருவதைவிடப் போவதுதான் அதிகம் என்பதால் கோட்டக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே சேட்டு என்பவர் ஆறு கம்ப்யூட்டர் வைத்து நடத்துகிறார். நல்ல மனிதர், உட்காரும்போது மட்டும் முதுகு வளைகிறது, சொல்லியிருக்கிறேன். முதல் தடவை உன் அப்பாவின் படத்தைத்தான் எடுத்துப்போனேன். ஹாலில் மாட்டியிருக்கிற பெரிய படம். கண்ணாடிச் சட்டத்தோடு போர்வையில் சுற்றி ஜன்னலோரம் நிறுத்திவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழ்புத்துப்பட்டில் கூட்டம் ஏறியபோது கண்டக்டர் வந்து, "பெரியவர மடியில வெச்சுக்கங்கம்மா, இல்லன்னா அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுவேன்" என்றான். போடு என்றேன். போட்டான். அப்பா டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் கோட்டக்குப்பம் வந்து சேர்ந்தார்.

வந்து என்ன பிரயோஜனம். ஐகான் என்பது பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம், அதற்கு மேல் ஒரு புள்ளி கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. இதை நீ என்னிடம் சொல்லவில்லை. சேட்டு அப்பாவை ஸ்கேன் செய்து சுருக்கினார், சுருக்கினார், முடிவில் கரப்பான்பூச்சி போல ஒரு கறுப்புக் கோடு மட்டும் நின்றது. அது மீசையாம். "பெரியவரு இதுல பூரமாட்டேங்குறாரும்மா" என்று சேட்டு ரொம்பப் பணிவாகச் சொன்னார். மற்றவர்கள் காட்டிய இடத்தில் அவர் என்றைக்குமே அடங்கியதில்லை என்று நான் சொல்லிவிட்டு, அவரைத் திரும்பவும் போர்வையில் சுற்றி, திரும்பவும் டிக்கெட் வாங்கி, வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இரண்டாம் தடவை நம் உப்புக் குவியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். சேட்டு அதையும் சுருக்கினார். கட்டம் வெறுமையாக இருந்தது. எங்கே என்றேன். "இருக்குதும்மா, வெள்ளையில வெள்ளையா இருக்குது" என்றார். அதற்குப் பதிலாக, சாப்பாட்டு மேசையில் உப்பும் மிளகும் வைப்பார்களே, தலையில் ஓட்டை போட்ட கண்ணாடிக் குப்பி, அது ரெடியாக இருக்கிறது, ஒட்டிவிடட்டுமா என்று கேட்டார். நாம் சாக்கில் உப்பு விற்கிறவர்கள், குப்பியில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது. பதினாறு கட்டத்துக்குப் பதினாறு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு நிறம். இது கம்ப்யூட்டரே இல்லை, கிராஸ் ஸ்டிச். பன்னிரண்டு வயதில் கன்னியர் மடத்தில் சிஸ்டர் பிலோமினா எங்களை உட்காரவைத்து, சணல் துணியில் கட்டத்தை எண்ணி எண்ணி ரோஜாப்பூ போடச் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். ஒரு கட்டம் தப்பினால் முழுவதையும் பிரிக்கச் சொல்வார்கள். நான் ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. உன் முதல் கம்யூனியனுக்கு நான் தைத்த மேசைவிரிப்பில் இருநூறு புறா இருந்தது, நீ அதன்மேல் ரசம் கொட்டினாய். லியோனில் சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் செய்கிற வேலையை நான் ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே கற்றாயிற்று என்று தெரிந்ததும், எனக்கு உன்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

உடனே கிராஃப் நோட்டு வாங்கி, கலர் பென்சில் சீவி, அம்பாரத்தை வரைய உட்கார்ந்தேன். வெள்ளைக் குவியல் தெரியவில்லை என்பதுதானே தொல்லை. மழைக்காலத்தில் மூடுகிற மாதிரி அதன்மேல் பனையோலை போர்த்தி, பழுப்பு நிறத்தில் அழகாகப் போட்டு முடித்தேன். முடித்து மேஸ்திரி சகாதேவனிடம் காட்டினேன். அவன் கை கழுவிவிட்டு வந்து நோட்டை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான். சொல்லு என்றேன். "நல்லாத்தாங்க இருக்குது. ஆனா ஓலை போட்ட அம்பாரத்தப் பாத்தா லாரிக்காரன் இன்னா நெனப்பான்? சீசன் முடிஞ்சிடுச்சு, இங்க யாவாரம் இல்லன்னு வண்டியத் திருப்பிக்கினு போயிடுவான்" என்றான். எனக்குச் சுரீரென்றது. உப்பளத்தை மூட வேண்டாம் என்பதற்காக ஒரு சின்னம் செய்து, அதிலேயே மூடிவைத்திருக்கிறேன் பார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரித்தேன், அதாவது தாளைக் கிழித்தேன்.

ஓலையை எடுத்துவிட்டு வானத்தை நீலமாக்கினேன். வெள்ளை தானாக எழுந்து நின்றது. நிழல் விழுகிற பக்கம் சாம்பல், அடியில் வரப்புக்கு ஒரு வரிசை செம்மண் நிறம். குவியலின் வடக்கு ஓரம் போன மழையில் கொஞ்சம் சரிந்திருந்ததால் அங்கே ஒரு கட்டத்தைக் குறைத்தேன். இல்லாததை அழகுக்காகப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நேற்று நோட்டோடும் நீல நூல்கண்டோடும் சகாதேவனோடும் போனேன். நூல்கண்டு எதற்கென்றால், எந்த நீலம்மா என்று சேட்டு கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார். திரையில் வைத்துக் காட்டினேன். பிறகு நான் வாசிக்க அவர் போட்டார்: நான்காவது வரிசை, ஏழு நீலம், இரண்டு வெள்ளை, ஏழு நீலம். சவூதியில் தம்மாமில் இருக்கிற கணவரைக் கேமராவில் பார்க்கக் காத்திருந்த ஒரு பெண், தன் முறை வந்தும் எழுந்து போகவில்லை. "நீங்க முடிங்கம்மா, அவரு எங்க போயிடப் போறாரு" என்று சொல்லிவிட்டு, அவளும் கூடச் சேர்ந்து கட்டம் எண்ணினாள். பன்னிரண்டாவது வரிசையில் கரண்ட் போனது. சேவ் செய்யவில்லையாம். சேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என் நோட்டுக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் நான் அமைதியாக இருந்தேன். கரண்ட் வந்ததும் முதல் வரிசையிலிருந்து மறுபடி வாசித்தேன்.

முடித்து, நீ கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு, வெப்சைட்டில் ஏற்றி, திறந்து பார்த்தால் ஊருக்கெல்லாம் பொதுவாகப் போடுகிற அந்த நீல 'e' எழுத்தே உட்கார்ந்திருந்தது. நம் சாக்கில் பக்கத்து உப்பளக்காரன் முத்திரை குத்தியதுபோல் எனக்கு இருந்தது. சேட்டு எதையோ தட்டி, நமக்குப் பிடித்த இடங்களின் பட்டியலில் சேர்த்தால்தான் தெரியும் என்று சேர்த்தார். சேர்த்ததும் வந்தது. கொசுவளவுதான், ஆனால் அம்பாரம்தான். சகாதேவன் மூக்கு திரையில் இடிக்கிற வரை குனிந்து பார்த்தான். "நம்மளுதுதாங்க. வடக்கால சரிஞ்சிருக்குது பாருங்க" என்றான். பிறகு, "சின்னய்யா இத்தப் பாப்பாரா?" என்று கேட்டான். லியோனில் இந்த நிமிஷமே தெரியும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த சேட்டு, நீங்களும் புள்ளய இந்தக் கேமராவுல பாக்கலாமேம்மா என்றார். அப்பாவே உங்கள் கட்டத்தில் அடங்கவில்லை, இவன் மட்டும் அடங்குவானா என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மவுஸை நீ தொடவில்லையே, சேட்டு தயவில் நடந்ததுதானே என்று நீ வாதாடுவாய். நான் உப்பு வாருகிற பலகையையும் தொட்டதில்லை. இந்த உப்பு யாருடையது என்று சகாதேவனைக் கேட்டுப் பார்.

ஆகவே பந்தயம் முடிந்தது. சென்னைக்காரரிடம் இனி வரப்புக்கு வந்து காற்று வாங்க வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. கையெழுத்துக்கு வேலை இல்லாததால் மே மாதம் நீ வர வேண்டிய அவசியமும் இல்லை. லீவு கிடைப்பது கஷ்டம் என்று நீயே சொல்வாய், வெயிலும் சந்தியாவுக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பாவை அடக்கம் செய்தபோது பதினோரு நாள் இருந்தாய், அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஆகிவிட்டது, ஐந்தோடு இன்னொன்று சேர்ந்தால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. இங்கே சீசன் நேரம், உன்னை உட்காரவைத்துப் பேச எனக்குப் பொழுதும் இருக்காது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

சந்தியாவுக்கு என் ஆசீர்வாதம். உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போட்டிருக்கிறேன். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. நிமிர்ந்து உட்கார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சகாயமேரி ராஜாங்கம்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் சேட்டு போன் செய்தார். வானூரில் இருக்கிற மச்சானிடம் பெருமையாக நம் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னாராம், அங்கே அந்தப் பழைய நீல எழுத்துதான் வந்ததாம். ஆராய்ந்து பார்த்தால், மனிதர் அவசரத்தில் படத்தை வெப்சைட்டில் ஏற்றவே இல்லை. தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டு, படம் இங்கே இருக்கிறது என்று அதன் விலாசத்தை மட்டும் வெப்சைட்டில் எழுதியிருக்கிறார். ஆக, நம் அம்பாரம் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் தெரிகிறது: கோட்டக்குப்பம், சேட்டு சென்டர், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். சரிசெய்ய அஞ்சு நிமிஷம் போதும்மா என்கிறார். கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேரில் பார்க்காமல் பந்தயத்துக்கு நீ எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? மேலே டிக்கெட்டைப் பற்றி எழுதியதை நீயே அடித்துக்கொள், கடிதத்தில் அடித்தல் திருத்தல் செய்து எனக்குப் பழக்கமில்லை. மே மாதம் முழுவதும் மூன்றாம் நம்பரை உனக்காகப் பிடித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். வா. பேனா மட்டும் கொண்டுவராதே.