எண்ணி எண்ணிக் குறைத்த பேட்டரி

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்தில் தூறல். வெப்பம் இருபத்தொரு டிகிரி. அந்த நிமிடத்தில்தான் என் மகன் அருளின் கேமராவில் சார்ஜர் வயரைச் செருகினேன். மூன்றாவது முயற்சியில் செருகினேன்.

அன்று பத்தரை மணிக்கு என் பேரனுக்கு ஞானஸ்நானம். அருள் கப்பலில் இன்ஜினியர். குழந்தை பிறந்தபோதும் அவன் நடுக்கடலில்தான் இருந்தான். "டாடி, பிறந்ததைத்தான் பாக்கல. தண்ணி ஊத்துறதையாவது நல்லா எடுத்து வைங்க. போன்ல ஆட்டி ஆட்டி எடுக்காதீங்க, என் கேமராவுல எடுங்க" என்று சொல்லியிருந்தான். மிரர்லெஸ் கேமரா. உள்ளே கண்ணாடியே கிடையாதாம். (கண்ணாடி இல்லாமலே ஒரு லட்சத்து நாற்பதாயிரம்! இருந்திருந்தால் வீட்டை விற்றிருப்பான்.) போன் சார்ஜர் வயரையே இதிலும் செருகலாம் என்றும் சொன்னான்.

முந்தின நாளே சார்ஜ் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். லித்தியம் பேட்டரி வெடித்த செய்திகளை நான் வெட்டி வைத்திருக்கிறேன், பதினேழு. ஆள் தூங்கும்போது சார்ஜ் போடுகிற வீடு எங்கள் வீடு அல்ல. எனவே காலையில், சமையலறைக் கருங்கல் மேடையில், தட்டு போட்டு, அதன்மேல் கேமராவை வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மீந்தது.

"ஏங்க, இட்லி எங்க ஊத்துறது?" என்றாள் என் மனைவி பிலோமினா.

"இன்னிக்கு பிரெட் சாப்பிடலாம்."

நான் எடையளவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளராக இருந்தவன். எந்தத் தராசையும் ஒரே தடவை பார்த்து நம்பியதில்லை. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பது என் வழக்கம். அந்தப்படியே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவை ஆன் செய்து, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை பேட்டரி சதவீதத்தைப் படித்து, நோட்டில் எழுதினேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கேமராவின் முதுகிலும் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் ஏறும்போது ஓரத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரியும். நான் ஆன் செய்ததும் அது அணைந்துவிடும். என்னைக் கண்டதும் பீடியை மறைக்கிற கடைக்காரர்களைப் பார்த்துப் பழகியவன் நான். இதுவும் மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் நாற்பத்தெட்டு. ஏழு மணிக்கு நாற்பத்து மூன்று. எட்டு மணிக்கு முப்பத்தைந்து. குறையக் குறைய இன்னும் கவனமாகப் படித்தேன். ஒன்பதரைக்கு இருபத்து மூன்று.

"மாமா, பேசாம போன்லயே எடுத்துடலாம்" என்றாள் மருமகள் ஜெனி, குழந்தைக்கு வெள்ளைச் சட்டை மாட்டியபடி.

அதற்கும் வழியில்லை. கோயிலில் போன் கூடாது, முக்காலியில் வைத்த ஒரே ஒரு கேமராவுக்கு அனுமதி என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அந்த அனுமதியை நான் மூன்று முறை உறுதி செய்திருந்தேன். விதியை யாரும் மீறக் கூடாது என்று பயந்து, வந்த நாற்பத்து மூன்று பேரின் போன்களையும் கோயில் வாசலிலேயே நான்தான் பையில் வாங்கி, வாட்ச்மேனிடம் ஒப்படைத்தேன்.

பத்து மணிக்கே கேமராவை முக்காலியில் மாட்டி, ஆன் செய்து, என் பழைய பவர் பேங்கைச் செருகிக் காத்திருந்தேன். ஆன் செய்யாமல் எப்படிச் சதவீதம் தெரியும்? சடங்கு தொடங்கும்போது ஒன்பது. வாசகம் முடிந்தபோது ஐந்து. அருளின் முகம் தெரிந்தது. ஜெனி குழந்தையோடு ஞானஸ்நானத் தொட்டிக்கு அருகில் போனாள். திரையில் மூன்று. சிவப்பாகக் கண் சிமிட்டியது.

அப்போது, தண்ணீர் ஊற்றும் முன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை ஃபாதர் கேட்டார்: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"ஐயோ, இப்ப வேணாம்!" என்று நான் கத்தினேன்.

கோயில் மொத்தமும் திரும்பியது. குழந்தை அழுதது. பிலோமினா சிலுவை வரைந்துகொண்டாள்.

ஃபாதர் இளைஞர். இறங்கி என்னிடம் வந்தார். "என்ன அங்கிள்? சாத்தான் மேல அவ்வளவு பாசமா?"

"பேட்டரி, ஃபாதர். காலைல ஆறு மணிலேருந்து சார்ஜ் போடுறேன். ஏற மாட்டேங்குது. பையன் கப்பல்ல இருக்கான். இதை மட்டும்தான் கேட்டான்."

அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். "ஆன்ல இருந்தா வயர்ல வர்ற கரண்ட் கேமரா ஓடவே பத்தாது அங்கிள், பேட்டரியையும் தின்னும். பேட்டரிக்கு ஏறணும்னா ஆஃப் பண்ணணும். அடிக்கடி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"நாப்பத்தோரு தடவை ஃபாதர். தடவைக்கு மூணு ரீடிங். நோட்டுல இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபித்தார் என்றே நம்புகிறேன். பிறகு, "யாராவது போன்ல..." என்று ஆரம்பித்தார்.

"எல்லார் போனையும் சம்பந்திதான் வாட்ச்மேன்கிட்ட பூட்டக் குடுத்துட்டாரே ஃபாதர்!" என்றார் ஜெனியின் அம்மா. சந்தாபுராவிலிருந்து வந்திருந்தவர், ஓய்வு பெற்ற நர்ஸ். வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விட்டார் என்றும் தெரிந்தது.

ஃபாதர் ஜெனியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். உடனே அவர் தம் அறையிலிருந்து லேப்டாப் சார்ஜரைக் கொண்டுவரச் சொல்லி, மைக் பிளக்கில் மாட்டி, கேமராவை ஆஃப் செய்தார். "இருபது நிமிஷம். பாட்டுப் பாடுங்க. அங்கிள், நீங்க தொடக் கூடாது."

பாடகர் குழு பாடியது. என் வலது கையைப் பிலோமினாவும் இடது கையைச் சம்பந்தி அம்மாவும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு தடவை பாத்துடறேன்."

"கையை எடுத்தீங்க, ஊசி போட்டுடுவேன்" என்றார் சம்பந்தி அம்மா.

என் வாழ்நாளில் அளக்காமல் இருந்த இருபது நிமிடம் அதுதான். ஏறுகிறதா? சூடாகிறதா? மணல் வாளி வீட்டில் அல்லவா இருக்கிறது! பயத்தில் மின்விசிறிகளை எண்ணினேன். பதினான்கு. அடுத்த ஞானஸ்நானத்துக்கு வந்து வாசலில் நின்றவர்கள் இருபத்தாறு பேர். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஃபாதரே ஆன் செய்தார். இருபத்தொன்று! வயர் தொட்டி வரை எட்டாததால் கழற்றிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினோம். நான் மூச்சுவிடாமல் நின்றேன். தண்ணீர் மூன்று முறையும் விழுந்தது. பதினான்கு சதவீதம் மிச்சம். ஜெனி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. படம் துல்லியம். ஆனால் கேமராவுக்குப் பின்னால் ஒரு கிழவனின் குரல் விடாமல் கேட்டது. "தந்தை..." என்று ஃபாதர் தண்ணீர் ஊற்ற, "பதினேழு" என்றது குரல். "மகன்..." "பதினாறு." "தூய ஆவியின் பெயராலே..." "ஆண்டவரே, பதினஞ்சு!" மனதுக்குள் எண்ணியதாகவே நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யார் போனில் சார்ஜ் குறைந்தாலும், "சாத்தானை விடாதீங்க, ஆஃப் பண்ணுங்க" என்பார்கள். பேரனுக்கு அந்த வீடியோவைத் தினமும் போட்டுக் காட்டியதால், எண்ணக் கற்றபோது இருபத்தொன்றிலிருந்து கீழ்நோக்கி எண்ணினான். பதினான்குக்குக் கீழே அவனுக்கு எண்களே இல்லை.

ஆனால் அன்று எனக்கு அவமானம் தாங்கவில்லை. அருளுக்கு அனுப்பும் முன் அல்சூரில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் இருந்த ஒரே பிரதியையும் கொடுத்து என் குரலை எடுக்கச் சொன்னேன். "ஸ்வல்ப, கொஞ்சம் வேலை இருக்கு சார்" என்று ஆயிரத்து இருநூறு வாங்கினார். சுத்தமாக எடுத்துவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து, கரை சேர்ந்த அருள் போன் செய்தான்.

"டாடி, நீங்க எண்ணுனது எங்க? ஜெனி சொன்னா. அதைக் கேக்கத்தான் கரைக்கு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்."

மறுபடி அல்சூருக்குப் போனேன். திருப்பிப் போடுவது தனி வேலையாம், முந்நூற்றைம்பது. ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய்.