மினிட்ஸ் மாமாவும் கண்ணாடி மாட்டிய லிஃப்ட்டும்

அடுக்குமாடிக் கட்டட உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே படிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஈசூனில் மூவறை வீட்டில் இருக்கிறார். உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தேக்கா சந்தையில் கோப்பிக் கடைக்காரர் முதல் மீன் வெட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் மினிட்ஸ் மாமா.

கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதி வைக்கிற ‘மினிட்ஸ்’தான் அவர் வேலை. ஓய்வு பெற்றதும் அவர் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். இவர் மற்றவர்கள் எழுதிய மினிட்ஸைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தார். யார் வீடு பார்க்கப் போனாலும் கூடவே போவார். ஆனால் வீட்டைப் பார்க்க மாட்டார். ஏஜென்ட் நீச்சல்குளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, மாமா அறிவிப்புப் பலகை முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ‘அடடா, அடடா’ என்று ரசித்துக்கொண்டிருப்பார். மினிட்ஸ் படிக்க எனக்கும் பாடம் எடுத்தார்.

“‘உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர்’னு எழுதியிருந்தா, நாற்காலி பறந்துச்சுன்னு அர்த்தம் தம்பி. ‘தலைவர் கவனத்தில் எடுத்துக்கொண்டார்’னா, தலைவர் அப்போ கறிபஃப் சாப்பிட்டுக்கிட்டிருந்தார்னு அர்த்தம்.”

“உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?”

“நான்தானே எழுதினேன். கறிபஃப் வாங்கிக் கொடுத்ததும் நான்தான்லா.”

அவரிடம் நான் மாட்டிக்கொண்ட கதைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆங் மோ கியோவில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தோம். மகள் கயலுக்குப் பதினோரு வயது. ஆஸ்துமா. ஒருநாள் மாலை, லிஃப்ட்டைச் சர்வீசுக்காக நிறுத்தியிருந்த ஒரு மணி நேரம் பார்த்து, அவளுக்கு மூச்சு திணற ஆரம்பித்தது. ஒன்பது மாடியும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஐந்தாவது மாடியில் அவள், “அப்பா, நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?” என்று கேட்டாள். ஆம்புலன்ஸ்காரர் முதலில் என்னைத்தான் படுக்க வைக்கப் பார்த்தார். கயல் மூன்றே நாளில் பள்ளிக்குப் போய்விட்டாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட்டை எண்ணுகிறேன், அப்புறம் படிகளை.

அதனால்தான் வீடு மாற முடிவு செய்தோம். எட்டு மாதம் சனி, ஞாயிறெல்லாம் அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைகளை எட்டிப் பார்த்ததில் எனக்கும் என் மனைவி செல்விக்கும் பேச்சுக்கூடக் குறைந்துவிட்டது. கடைசியில் ஒரு பழைய கொண்டோ. பதினான்காவது மாடி.

“அண்ணே, ரெண்டு லிஃப்ட்டு! கடல் தெரியுது! மெயின்டனன்ஸ் இந்த ஏரியாவுலேயே கம்மி! இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் ஏஜென்ட் தம்பி.

லிஃப்ட்டுக்குள் தரைக்குப் பளிங்கு, மூன்று பக்கமும் புதுக் கண்ணாடி. அதில் என் முகம் மூன்று பக்கமும் களைத்துத் தெரிந்தது. போதும் என்று தோன்றிவிட்டது. ஆப்ஷன் பணம் கட்டினேன். வீட்டை இரண்டு வாரத்துக்கு வேறு யாருக்கும் விற்காமல் நமக்காகப் பிடித்து வைக்கிற முன்பணம் அது. மனம் மாறினால் திரும்ப வராது.

அந்த ஞாயிறு தேக்காவில் கூடப் படித்த நண்பனிடம், “பராமரிப்புக் கட்டணம் அவ்வளவு கம்மி தெரியுமா?” என்று பெருமையடித்தேன். பக்கத்து மேசையில் சர்க்கரையில்லாக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையோடு எழுந்து எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

“ஏன் கம்மி?”

“நீங்க யாரு?”

“அது கிடக்கட்டும். ஏன் கம்மின்னு ஏஜென்ட்டைக் கேட்டீங்களா?”

“கம்மியா இருந்தா நல்லதுதானே அங்கிள்?”

மாமா என் நண்பனைப் பார்த்து, “படிச்சவரா?” என்று கேட்டார். நண்பன் வெட்கப்பட்டுத் தலையாட்டினான்.

மறுநாளே அந்தக் கொண்டோவின் அலுவலகத்துக்கு என்னை இழுத்துப் போனார். நாற்காலி, கறிபஃப் பாடமெல்லாம் போகிற வழியில் நடந்ததுதான். வாங்கப் போகிறவர் விண்ணப்பம் எழுதி, சின்னக் கட்டணம் கட்டினால் மினிட்ஸைப் பார்க்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அலுவலகப் பெண்ணுக்கு மாமாவைத் தெரிந்திருந்தது. “ஐயோ அங்கிள், மறுபடியுமா?” என்றபடியே மூன்று வருடக் கோப்புகளை எடுத்து வைத்தார்.

மாமா எடுத்தவுடனே சிரிக்க ஆரம்பித்தார். “பாரேன், குளத்துல யாரோ துணி துவைச்சிருக்காங்க!” நான் களைப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சரி, வீட்டுல யார் யாரு? என்னென்ன பண்ணுவாங்க? செருப்பு வெளியே விடுவீங்களா, கோலம் போடுவீங்களா, உடம்புக்கு முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா? எல்லாத்தையும் சொல்லு. மினிட்ஸையும் கட்டட விதிகளையும் நம்ம வீட்டோட பக்கத்துல வச்சுத்தான் படிக்கணும்.”

கயலைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது மாடியையும் சொன்னேன்.

மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் மினிட்ஸ் படித்து அலுவலகப் பெண்ணும் பார்த்ததில்லைபோல. தட்டச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

மாமா மூன்று பக்கங்களை வரிசையாக என் முன்னால் விரித்தார். மூன்று வருடத்திலும் ஒரே வரி. லிஃப்ட் மாற்றுவது குறித்து உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர்.

“நாற்காலி பறந்திருக்கு,” என்றேன்.

“மூணு வருஷமா பறக்குது. புது லிஃப்ட்டு போடச் சேமிப்பு நிதியில காசில்ல. வீட்டுக்கு இவ்வளவுன்னு தனியா கட்டணும். மூணு தடவையும் ஓட்டுப் போட்டுத் தோற்கடிச்சிட்டாங்க. லிஃப்ட்டுக்குன்னு சேர்த்து வைக்காததாலதான் கட்டணமும் கம்மி. போன வருஷம் ரெண்டு லிஃப்ட்டும் ஒரே நேரத்துல நின்ன நாளும் இருக்கு. இதோ.”

“உள்ளே எல்லாம் புதுசா இருந்துச்சே மாமா?”

“கண்ணாடியை மாத்தியிருக்காங்க தம்பி. மோட்டாரை மாத்தலை.”

முதல் தடவையாக அவரை நான் மாமா என்று கூப்பிட்டதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஏஜென்ட் தம்பி கொதித்தார். “அண்ணே, போற வர்ற வயசானவர் பேச்சைக் கேட்டு ஆப்ஷனை விடுவீங்களா?”

“தம்பி, பதினாலு மாடி. நீ என்னைத் தூக்கிக்கிட்டு இறங்கிக் காட்டு. அப்புறம் இவர் கையெழுத்துப் போடட்டும்,” என்றார் மாமா. ஏஜென்ட் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். மாமா நல்ல எடை.

செல்வியிடம் பயந்து பயந்து சொன்னேன். அவள் கயலின் அறைக் கதவைப் பார்த்தாள். “போன காசு போகட்டும்,” என்றாள். எட்டு மாதத்தில் நாங்கள் சண்டை போடாமல் முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கேலாங் பக்கம் ஒரு கட்டடத்தை மாமாவே கண்டுபிடித்தார். மூன்றாவது மாடி. கட்டணம் கூடுதல். அதன் மினிட்ஸைப் படித்து அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான்கு வருடமாக ஒரே ஒரு சண்டை: இரண்டாவது மாடி அம்மாவுக்கும் ஆறாவது மாடி நாய்க்கும். “லிஃப்ட்டு, கூரை, தண்ணிக் குழாய் எல்லாத்தையும் அஞ்சு நிமிஷத்துல ஒத்துக்கிட்டுக் காசு கட்டிட்டாங்க. மிச்சம் ரெண்டு மணி நேரம் நாய்! கண்ணை மூடிக்கிட்டு வாங்கு.”

அதிலும் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. பால் காய்ச்ச நல்ல நேரமோ ஞாயிறு காலை. மாமா விதியை இரண்டு முறை படித்தார். “தோளில் மாட்டுறது சாமான் இல்ல,” என்று தீர்ப்புச் சொன்னார். கயல் பள்ளிப் பையில் பால் சட்டியும் சின்ன மின்சார அடுப்பும் வைத்துக்கொண்டு, காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, படியிலேயே ஏறிப் போனாள். மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

மாமாவுக்கு இப்போது முட்டி வலி. தேக்காவுக்கு வருவதே அபூர்வம். வருடா வருடம் எங்கள் கட்டட மினிட்ஸை நான்தான் ஈசூனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன முறை வாங்கியதும் பேசியவர்கள் நடுவே என் வீட்டு எண்ணைத் தேடினார். “நீ வாயையே திறக்கலையா?” என்றார். ஏமாந்துபோன அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாய் போன வருடம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது. எங்கள் கட்டடத்தில் கத்துவதற்கு இப்போது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எதற்காவது கத்தத்தான் போகிறேன். மாமாவுக்குப் படித்துச் சிரிக்க ஏதாவது வேண்டாமா?